ஆறுவான் மீனும் அத்தானின் மருந்துப் பையும்

போன மாதம், பள்ளி விடுமுறை முடிந்து ரயில்களில் கூட்டம் குறைந்த வாரத்தில், ஈப்போவுக்குப் போய் வந்தேன். குகைக் கோயில், வெள்ளைக் காப்பி, சுவரோவியம் என்று எதிர்பார்த்து இந்தப் பக்கத்தைத் திறந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அதையெல்லாம் பழைய பதிவுகளில் எழுதியாகிவிட்டது. இந்த முறை போனது என் அக்காவுக்காக. ஊர் சுற்றும் மனநிலை எனக்கு இல்லை. உண்மையைச் சொன்னால், இப்போதெல்லாம் பயணப் பையை எடுத்து வைக்கும்போதே அலுப்பு வந்துவிடுகிறது.

அக்கா ஈப்போவின் புந்தோங் பகுதியில் இருக்கிறாள். நீரிழிவு. சில வாரங்களுக்கு முன் இடது காலின் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். எடுத்த இடம் இன்னும் காயவில்லை. அவள் கணவர், அதாவது என் அத்தான், போன தீபாவளிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் சிங்கப்பூரில். பகலில் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொள்கிறாள். மற்றதற்குக் கிள்ளானிலிருந்து நான் போய் வருகிறேன். அந்த அக்காதான் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்: “சாந்தி, எனக்கு ஆத்து ஆருவான் வேணும்லா. குளத்து மீனு வேணாம். நம்ம தோட்டத்து ஆத்துல புடிச்சது வேணும். அதக் குடிச்சாத்தான் இந்தக் காலு காயும்.”

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: ஆருவான் என்பது உங்கள் ஊர் விரால். மலாயில் ஹாருவான். இங்கே யாருக்கு ஆபரேசன் நடந்தாலும், பிள்ளை பிறந்தாலும், மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற பேதமில்லாமல் ஆருவான் சூப் வைத்துக் கொடுப்பார்கள். புண் சீக்கிரம் ஆறும் என்பார்கள். நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் அது மலாய்ச் சொல் என்றே பலருக்குத் தெரியாது. புண்ணை ஆற்றுவதால் ஆறுவான், ஆற்றில் கிடைப்பதால் ஆறுவான் என்று நாங்களே பொருள் சொல்லிக்கொண்டோம். நான் இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகு ஒரு மலாய் ஆசிரியை சொல்லித்தான் உண்மை தெரிந்தது. அக்கா இன்றுவரை அதை ஒத்துக்கொள்ளவில்லை.

போகும் வழி: கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல். இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கி வையுங்கள், வண்டி வரும்போதுதான் வரும். அங்கிருந்து ஈப்போவுக்கு மின்ரயில், ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். எனக்குக் கிடைத்த டிக்கெட் நாற்பத்தாறு வெள்ளி, அதாவது ரிங்கிட். கையில் ஒரு சுவெட்டர் இருக்கட்டும், ரயிலில் ஏர்கோன் ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும். சிலிம் ரிவர் தாண்டும்போது தூங்கியவள் ஈப்போ வந்துதான் கண் விழித்தேன். வழியில் என்ன பார்க்கலாம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

நிலையத்திலிருந்து புந்தோங் வரை வாடகைக் கார் எட்டு வெள்ளி. ஓட்டுநர் நம்மவர், பேச்சுத் துணை தேடுகிறவர்.

“சாப்பாட்டுக்கு வந்தீங்களாக்கா? கே.எல்.காரங்க எல்லாம் சாப்பிடத்தானே வராங்க.”

“இல்ல, மீன் வாங்க வந்தேன்.”

“ஆருவானா? வீட்ல யாருக்கு ஆபரேசன்?”

மீன் என்று சொன்னதும் ஆபரேசன் யாருக்கு என்று கேட்கிற ஊர் இது. எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு வந்த ஒரே சிரிப்பு அதுதான்.

அக்கா வீட்டில் இன்னொரு வேலை காத்திருந்தது. சாப்பிட்டு முடித்ததும் கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினாள். குனிந்து இழுத்தேன். மூன்று முடிச்சுப் போட்ட பெரிய பிளாஸ்டிக் பை. உள்ளே எல்லாம் அத்தானின் மருந்து. சர்க்கரைக்கு, பிரஷருக்கு, தூக்கத்துக்கு. பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு நெஞ்சு படபடப்பும் பயமும் வந்துவிட்டது, அதை அடக்கும் மாத்திரைகளே ஒரு கட்டு இருந்தன. பாதி முடித்த ஆண்டிபயாட்டிக் அட்டைகளும் கிடந்தன. கடைசி மருந்து வாங்கி வந்த கொஞ்ச நாளில் அவர் போய்விட்டதால் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர் சாப்பிட்ட மருந்து வீட்டில் இருக்கக் கூடாது. கருமாதி அன்று பாயோடு, தலையணையோடு அதையும் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். விட்டபின் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் நோய் நம்மோடு வீட்டுக்கு வந்துவிடும். வேறு ஊர்களில் விசாரித்திருக்கிறேன், இப்படி ஒன்று உண்டென்று யாரும் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களிலேயே பிறந்த வழக்கம் போலிருக்கிறது.

அத்தானின் கருமாதி அன்று ஆற்றில் வெள்ளம். பாயும் தலையணையும் எரித்தாயிற்று. மருந்துப் பையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். அதற்குப் பிறகுதான் அக்காவின் விரலில் புண் வந்தது.

“அது என்னையக் கேக்குதுடி,” என்றாள் அக்கா. “தினமும் ராத்திரி படுத்தா, கீழ அது இருக்குன்னு தெரியுது. நாளைக்குத் தோட்டத்துக்குப் போறியே, பாலத்துல இருந்து விட்டுட்டு வந்துடு. திரும்பிப் பாக்காத.”

அக்கா அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. வேலைக்கு ஆள் ஏற்றிப் போன டிராக்டர் கவிழ்ந்தபோது தன் தோள் எலும்பு உடைந்ததைக் கவனிக்காமல் மற்றவர்களை இழுத்துப் போட்டவள் அவள். அதனால் மறுபேச்சுப் பேசாமல் சரி என்றேன். ஒரே இடம், இரண்டு வேலை. போகும்போது ஒரு பை, வரும்போது ஒரு வாளி. எனக்கு அப்போது அதில் எந்த உறுத்தலும் தெரியவில்லை. அசதியில் இருப்பவளுக்கு ஒரு நடையில் இரண்டு காரியம் முடிந்தால் போதும்.

மறுநாள் காலை அத்தானின் பழைய காரில் கிளம்பினேன். ஈப்போவிலிருந்து வடக்கே முப்பத்திரண்டு கிலோமீட்டர், நாற்பது நிமிடம். தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை, காரணம் போகப் போகத் தெரியும். சுண்ணாம்பு மலைகள் வலது பக்கம் கூடவே வரும். நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய பிறகு செம்பனை லாரிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கித்தான் போக வேண்டும். சின்னக் கார் என்றால் குழிகளைப் பார்த்து ஓட்டுங்கள். பால்மரம் பார்க்கலாம் என்று யாராவது நினைத்தால், ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. லயங்களை இடித்து அந்தப் பக்கம் ஒரு தாமான் கட்டியிருக்கிறார்கள். வரிசை வரிசையாக வீடுகள், நடுவில் ஒரு கிளினிக், மேட்டில் ஒரு கோழிப் பண்ணை. எல்லாவற்றின் சாக்கடையும் எங்கோ ஒரு தொட்டியைச் சுற்றிவிட்டுக் கடைசியில் எங்கள் ஆற்றுக்குத்தான் வந்து சேர்கிறது.

பாலத்தடியில் குணா காத்திருந்தான். என்னைவிட நாலு வயது இளையவன், அந்தக் காலத்தில் எங்கள் அடுத்த வீடு. இப்போது செம்பனை லாரி ஓட்டுகிறான், ஓய்வு நாளில் மீன் பிடிக்கிறான். அக்காவுக்காக விடிவதற்குள்ளேயே வந்து இரண்டு ஆருவான் பிடித்து வைத்திருந்தான். ஒவ்வொன்றும் முழங்கை நீளம், கறுத்து மினுமினுத்தன.

“வாங்கக்கா. பெரியக்காவுக்கு எப்படி இருக்கு? இது ரெண்டும் போதும்லா, ஒரு வாரத்துக்கு வரும்.”

வாளியைப் பார்த்தேன். மூடி இல்லை.

ஆருவானைப் பிடித்துப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஆருவானை மூடி இல்லாத வாளியில் யாரும் வைக்க மாட்டார்கள். ஒரே துள்ளில் வெளியே விழுந்து, புல்லில் நெளிந்து நெளிந்து ஆற்றுக்கே போய்விடும். மூடி போட்டு, மேலே கல் வைத்து, அந்தக் கல்லையும் தள்ளிக்கொண்டு போன மீனை நான் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டும் சும்மா இருந்தன. குணா கையை விட்டு ஒன்றைத் தடவிக் கொடுத்தான். அது செவுளை அசைத்ததே தவிர நகரவில்லை.

“அடிபட்டிருக்காடா?”

“இல்லக்கா, நல்லாத்தான் இருக்கு. இப்பல்லாம் இப்படித்தான். பயமே இல்ல. கரையில வந்து நிக்குது, நிழல் விழுந்தாலும் ஓட மாட்டேங்குது. முன்ன ஒரு மீனுக்கு அரை நாளு உக்காரணும். இப்ப காப்பி ஆறுறதுக்குள்ள ரெண்டு. முனியாண்டி சாமிக்குப் போன வருசம் கெடா வெட்டினோம்ல, அந்தப் புண்ணியம்தான்.”

நானும் நல்லதாகப் போயிற்று என்றே நினைத்தேன். குதிக்காத மீனைக் காரில் கொண்டு போவது எளிது. அவன் இன்னொன்றும் சொன்னான், அதுதான் கொஞ்சம் உறுத்தியது. ஆருவான் தன் குஞ்சுகளைக் கண்போலக் காக்கும். செந்நிறக் குஞ்சுகள் ஒரு பந்தாகச் சேர்ந்து தண்ணீர் மேல் குமிழியிட்டுக்கொண்டு போகும், தாயும் தகப்பனும் அடியிலேயே வரும். அந்தப் பந்தின் மேல் எதைப் போட்டாலும் பெரிய மீன் பாய்ந்து வந்து கடிக்கும். ஆத்திரக்காரர்களை எங்கள் தோட்டத்தில் ‘குஞ்சு வச்ச ஆருவான்’ என்பார்கள். அக்காவுக்கே அந்தப் பட்டம் உண்டு.

“இப்ப குஞ்சு தனியாப் போகுதுக்கா,” என்றான் குணா. “மேல கல்லப் போட்டாலும் தாய் வர மாட்டேங்குது. வேற மீனு வந்து தின்னுட்டுப் போகுது. தாய் பக்கத்துலேயே சும்மா நிக்குது.”

அப்போது பாலத்தின் மேல் ஒரு வேன் வந்து நின்றது. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு மலாய்ப் பெண் கயிறு கட்டிய பாட்டில்களோடு இறங்கி வந்தாள். பெயர் ஆயிஷா என்றாள். பல்கலைக்கழக மாணவி, ஆற்றுத் தண்ணீரை எடுத்துப் போய்ச் சோதிக்கிறாளாம். ஈயமா, பூச்சிமருந்தா என்று கேட்டேன். “உபாட்,” என்றாள். மருந்து. எங்கள் பேச்சு முழுக்க மலாயில்தான், தமிழில் எழுதுகிறேன்.

நாம் விழுங்கும் மருந்தில் ஒரு பகுதி உடம்பில் தங்காமல் சிறுநீரோடு போய்விடுமாம். கழிவுத் தொட்டிகள் மலத்தையும் கிருமியையும் குறைக்கக் கட்டப்பட்டவை, மருந்தை முழுக்கப் பிடித்து வைக்க அவற்றால் முடியாது. தண்ணீரில் கலப்பது கொஞ்சம்தான். ஆனால் மீன் அந்தக் கொஞ்சத்துக்குள்ளேயே பிறந்து, வளர்ந்து, சாகிறது. கருத்தடை மாத்திரை மாதிரியானவை கலந்த இடங்களில் ஆண் மீனின் உடம்பில் முட்டை கண்டிருக்கிறார்கள். படபடப்பை அடக்கும் மருந்து கலந்தால் மீனுக்குப் பயம் குறைந்து, கூட்டத்தை விட்டு வெளிச்சத்துக்கு வந்து, கொக்குக்கோ பெரிய மீனுக்கோ இரையாகிவிடும். இதெல்லாம் வேறு நாடுகளில், வேறு மீன்களில் பார்த்தது என்று அவளே சொன்னாள்.

நான் வாளியைப் பார்த்தேன். குணாவும் பார்த்தான்.

“இந்த ஆற்று மீனைச் சாப்பிடலாமா?” என்று கேட்டேன்.

“சாப்பிடாதீர்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. சாப்பிடுங்கள் என்று சொல்லவும் இல்லை. இப்போதுதான் தண்ணீரே எடுக்கிறேன்,” என்றாள். பிறகு பாட்டிலில் ஏதோ எழுதிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்: “இங்கே யாராவது மருந்தை நேராக ஆற்றில் கொட்டுகிறார்களா?”

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையாகவே இல்லை என்றுதான் தோன்றியது. கொட்டுவது வேறு, நாங்கள் செய்வது வேறு அல்லவா? அதற்குள் குணா சொல்லிவிட்டான்.

“செமுவா ஓராங் புவாங் சினி,” என்றான். எல்லாரும் இங்கேதான் போடுவோம்.

தமிழில் அவன் ஒருநாளும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். தமிழில் அது ‘ஆத்துல விடுறது’. அஸ்தியை விடுவோம், விளக்கை விடுவோம், செத்தவரின் மருந்தை விடுவோம். மலாயில் அதற்கு ஈடான மரியாதையான சொல் இருக்கலாம். லாரி ஓட்டுகிறவனின் வாய்க்கு அவசரத்தில் வந்தது ‘புவாங்’. குப்பையைப் போடுவதற்குச் சொல்கிற சொல். சொல்லி முடித்ததும் அவனுக்கே முகம் மாறிவிட்டது. எனக்கும்தான். காரின் பின்பெட்டியில் மூன்று முடிச்சுப் போட்ட பை இருந்தது. பாலத்தில் நின்று புவாங் செய்ய வந்தவள் நான்.

ஆயிஷா எங்களைத் திட்டவில்லை. அதைக் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் பாட்டில்களோடு மேலே போனாள். வேன் போன பிறகு குணா கரையில் உட்கார்ந்துவிட்டான்.

“எங்கப்பா மருந்து இங்கதான் விட்டேன். மாமியார் மருந்தும் இங்கதான். தாமான்ல முக்காவாசி வீடு இங்கதான் வரும்.” “எங்கிட்ட மீனு வாங்குறவங்க எல்லாம் யாருக்கா? ஆபரேசன் பண்ணவங்க, புள்ள பெத்தவங்க. என் பொண்டாட்டிக்கு வயித்தக் கிழிச்சுப் புள்ள எடுத்தப்ப ஒரு மாசம் இந்த மீனுதான் குடுத்தேன்.”

“அவளுக்கு ஒண்ணும் ஆகலையேடா. தண்ணி எடுத்த அந்தப் பொண்ணே ஒண்ணும் உறுதியாத் தெரியாதுன்னு சொல்லுச்சு.”

“தெரியாதுதான்லா. அதான் கஷ்டமா இருக்கு.”

அவன் சொன்னது சரி. ஆபத்து என்று தெரிந்தால் பயப்படலாம், இல்லை என்று தெரிந்தால் தூங்கலாம். எங்கள் மீன் துள்ளாததற்குக் காரணம் மருந்துதானா என்று எனக்குத் தெரியாது. வெயிலாக இருக்கலாம், தண்ணீரில் காற்றுக் குறைவாக இருக்கலாம், வேறு நோயாகக்கூட இருக்கலாம். இரண்டு மீனையும் ஒரு வாளியையும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் அத்தானை நினைத்துக்கொண்டேன். அந்த மாத்திரை ஆரம்பித்த பிறகு அவர் வாசலில் நாற்காலி போட்டு அமைதியாக உட்கார்ந்திருப்பார். பேரப்பிள்ளை பக்கத்தில் விழுந்து அழுதாலும் மெதுவாகத்தான் திரும்பிப் பார்ப்பார். அவருக்கு அந்த மருந்து தேவையாக இருந்தது. மீன் யாரிடமும் போய்த் தனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லையே.

மீனையும் எடுக்கவில்லை, பையையும் விடவில்லை. குணா வாளியைத் தண்ணீருக்குள் சாய்த்தான். இரண்டு ஆருவானும் வெளியே நழுவி, கரையோரமே நின்றன. அவன் கையால் தண்ணீரை அடித்து, “போ, போ” என்று விரட்டினான். ஒன்று போனது. மற்றொன்று நின்றுகொண்டே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அக்காவின் காலுக்காகவா, மீனுக்காகவா என்று தெரியவில்லை. அவ்வளவு தூரம் வந்து ஒன்றையும் முடிக்காமல் திரும்புகிற அலுப்பாகவும் இருக்கலாம்.

திரும்பும் வழியில் ஈப்போ சந்தையில் குளத்து ஆருவான் ஒன்று வாங்கினேன். காலை பத்து மணிக்குள் போனால் உயிரோடு கிடைக்கும். அங்கேயே வெட்டிக் கொடுப்பார்கள், நான் வேண்டாம் என்றுவிட்டேன். அது தப்பு. பாதி வழியில் பையைக் கிழித்துக்கொண்டு துள்ளி, பின் சீட்டு முழுக்கத் தண்ணீரடித்து, என் தோளில் வாலால் ஒரு அறை விட்டது. ஓரமாக நிறுத்தி, அதோடு மல்லுக்கட்டி, துணிப் பையில் திணித்தேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனாலும் அது துள்ளியது எனக்கு நிம்மதியாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா கேட்டாள்: “விட்டுட்டியா? திரும்பிப் பாக்கலையே?”

பொய் சொல்லியிருக்கலாம். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் சத்தம் போட்டாள்.

“மீனுக்குப் பாவம் பாத்து எங்கிட்டயே திருப்பிக் கொண்டாந்துட்டியா? நான் சாகலாம், மீனு சாகக் கூடாது, அப்படித்தானே?”

“அக்கா, அந்த மீனத்தானே நீ கேட்ட? நாம விடுற மருந்தத் தின்ன மீன, நீயே மருந்தாத் திங்கணுமா?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குளத்து மீன் சூப்பை வைத்துக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, “சப்புன்னு இருக்கு,” என்று தள்ளி வைத்தாள். அன்றிரவு அந்தப் பையைக் காரிலேயே விட்டுவைத்தேன், கட்டிலுக்கு அடியில் போக விடவில்லை.

சரி, போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. பழைய தோட்டங்களைப் பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் மழை பிடித்தால் செம்மண் பாதையில் கார் ஏறாது. கடை கண்ணி கிடையாது, தண்ணீர் கொண்டு போங்கள். தூண்டில் போடுகிறவர்கள் அந்த ஆற்றை நம்பிச் சாப்பிடுகிறவர்களிடம் முதலில் பேசுங்கள். நான் தோட்டத்தின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் இதுதான்: சோதனை முடிவு வராமலே ஒரு ஊர் மீனைக் கெட்ட மீன் என்று எழுதிவிட்டால், குணாவைப் போன்றவர்கள் என்ன செய்வார்கள்?

மருந்துப் பை பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஆற்றில் விடாதீர்கள், கழிப்பறையிலும் கொட்டாதீர்கள், அதுவும் ஆற்றுக்குத்தான் போகிறது. எங்கள் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அது பிறந்த காலத்தில் மருந்து என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்த சிவப்புத் தண்ணீர்தான். ஓடுகிற ஆறு அதைச் சமாளித்திருக்கும். இப்போது ஒரு வீட்டில் ஒரு மளிகைப் பை நிறைய மருந்து. அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் கிளினிக்குகளிலும் பல இடங்களில் மிச்ச மருந்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். எல்லா இடத்திலும் ஒரே நடைமுறை இல்லை, மருந்து கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். இதனால் ஆறு சுத்தமாகிவிடாது. நாம் விழுங்குவதில் ஒரு பங்கு நம் வழியாகவே அங்கே போகும், அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கையில் இருக்கிற பையையாவது சரியான இடத்தில் சேர்க்கலாம். நாங்கள் சேர்த்த கதையைச் சொல்லி முடிக்கிறேன்.

மறுநாள் அக்காவுக்குப் புண் கட்டு மாற்றும் நாள். சக்கர நாற்காலியில் வைத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். மடியில் அந்தப் பையை வைத்தேன். அவள் அதைத் தொடாமல் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். கட்டு மாற்றினார்கள். புண் முன்பு இருந்த மாதிரியேதான் இருக்கிறது என்றாள் தாதி. பிறகு மருந்து கவுண்டர். ஒரு தமிழ் இளைஞன் பையை வாங்கி, முடிச்சை அவிழ்த்து, அட்டைகளைப் பிரித்துப் பார்த்தான்.

“தம்பி, இத என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டாள் அக்கா. “வேற யாருக்காச்சும் குடுப்பீங்களா?”

“இல்ல ஆண்ட்டி, திருப்பிக் குடுத்தது யாருக்கும் குடுக்க மாட்டோம். எரிக்க அனுப்பிடுவாங்க.”

“எரிச்சுடுவாங்களா?”

“ஆமா ஆண்ட்டி.”

அக்கா இன்னும் தூக்கியே பிடித்திருந்த கைகள் மெல்ல மடிக்கு இறங்கின.

“அப்ப சரி,” என்றாள். “அவரும் நெருப்புலதான் போனாரு.”

அவன் பையை உள்ளே எடுத்துப் போனான். அக்கா என் கையைத் தட்டினாள். “போலாம். திரும்பிப் பாக்காத.” நாற்காலியைத் திருப்பி, வாசலை நோக்கித் தள்ளினேன். பின்னாலிருந்து அவன் கூப்பிட்டான். “ஆண்ட்டி! ஆண்ட்டி!” நான் நின்றேன். “திரும்பிப் பாக்காதன்னு சொன்னேன்லா,” என்று அக்கா பல்லைக் கடித்தாள். நாங்கள் பார்க்கவில்லை. கடைசியில் அவனே வாசல் வரை ஓடி வந்து, மூச்சு வாங்க, நாங்கள் இருவரும் மறந்தே போன ஒன்றை அவள் மடியில் வைத்தான். அவளுக்கான இந்த மாத மருந்து. அதே மாதிரிப் பை, ஏறத்தாழ அதே கனம்.

அக்கா அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள். இந்த முறை தொடத் தயங்கவில்லை.

“இதுல ஒண்ணு கூட மிச்சம் வைக்க மாட்டேன்டி,” என்றாள். “நானே தின்னு முடிப்பேன்.”